மூன்றாம் முடிச்சு

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். எந்த நாடு, எந்த ஆற்றங்கரை என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் கதை நகராது. நல்ல அரசர்தான். போர் என்றால் முன்வரிசையில் நிற்பார், பஞ்சம் என்றால் களஞ்சியத்தைத் திறந்துவிடுவார். ஒரே ஒரு குறை. அரண்மனை மதில்மேல் யாராவது வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

சின்னத் தப்புகள்தான் அவரை வாட்டின. குடிநீர்க் குளத்தில் கால் கழுவுகிறவன், ராஜவீதியில் மாட்டை அவிழ்த்துவிடுகிறவன், அரசர் பேசும்போது கொட்டாவி விடுகிறவன். இவர்களைப் பிடித்து வந்து அதட்டி அனுப்புவார்கள். அடுத்த வாரம் அதே முகம் மறுபடியும் வந்து நிற்கும்.

ஒருநாள் சபையில் அரசர் பொறுமை இழந்து, இந்தப் பழைய முகங்களை என்னதான் செய்வது என்று கேட்டார். பிரதானி வில்லவரையர் சவுக்கடி என்றார். சேனாபதி நாடு கடத்தலாம் என்றார். சபையில் விகடம் பண்ணுவதற்கென்றே ஒருவன் இருந்தான், பெயர் அம்பலக்கூத்தன். இப்படி எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அவனுக்கு நாக்கு அரிக்கும்.

"மகாராஜா, என் மனைவி செங்கமலம் ஒன்றை மறக்கக் கூடாது என்றால் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வாள். பாவம், இவர்களுக்கு முந்தானை இல்லை. கையில் ஒரு கயிற்றைக் கட்டி, தப்புக்கு ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் என்ன?"

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, கல் வெட்டுகிற ஆளைக் கூப்பிடச் சொன்னார். 

பத்தே நாளில் கடைவீதி நடுவில் கல் நின்றது. சிறு குற்றம் எதுவானாலும் ஒரு முடிச்சு. மூன்று முடிச்சு விழுந்த மணிக்கட்டு ஐந்து ஆண்டு சிறையில் இருக்க வேண்டும். முடிச்சு எப்படி வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. மூன்று முடிச்சுள்ளவர் பேச்சு எங்கும் செல்லாது. முடிச்சை அவிழ்ப்பவருக்கும், மூன்று முடிச்சுள்ளவரை வெளியே விடுபவருக்கும் ஒரு முடிச்சு. கேட்க ஆரம்பித்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் சட்டம் கரைந்துபோகும் என்று அரசர் சொன்னார். பிரதானி பலமாகத் தலையாட்டினார்.

கீல் என்கிற தார்ப்பிசின் பூசிய கறுப்புக் கயிறு அது. சதையில் பதியும்படி இறுக்கிக் கட்டுவார்கள். முதல் மாதமே ஊர் மாறிவிட்டது. எதிரே வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மணிக்கட்டைப் பார்ப்பது எல்லாருக்கும் பழக்கமாயிற்று. இரண்டு முடிச்சுக்காரர்கள் கையை மேல்துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார்கள். தும்மல் வந்தால்கூட நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தும்மினார்கள். தெரு சுத்தமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் அந்தச் சுத்தத்தில் நடக்கவே கூத்தனுக்குக் கால் கூசியது.

ஏனென்றால் அவன் கையிலும் கயிறு ஏறியிருந்தது. அரண்மனை முற்றத்தில் மறதியாகச் செருப்போடு நடந்ததற்கு ஒன்று. பட்டத்து யானை அந்தப் பக்கம் போனபோது தெருவைக் குறுக்கே கடந்ததற்கு ஒன்று. இரண்டுமே நல்ல வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்கச் செய்தவை. செங்கமலம் அந்த இரண்டாவது முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் நீங்கள் வெளியே போகும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும் என்றாள். மெத்தச் சரியான பேச்சு. அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

மோர்க்காரி காத்தாயியை இழுத்துக்கொண்டு போனதை அவன் கண்ணால் பார்த்தான். தினமும் அவளிடம் மோர் வாங்கிக் குடிக்கிறவன். அவள் ஏதோ சொல்லச் சொல்ல, காவலர்கள் காது கேளாதவர்கள் மாதிரி நடந்தார்கள். கேட்கக் கூடாது என்று கல்லில் இருக்கிறதே. கூத்தனைப் பார்த்ததும், "கூத்தரய்யா, நீங்களாவது ராசாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள். கூத்தன் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு தலை குனிந்தான். அவள் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவனால் நிமிர முடியவில்லை. விளையாட்டாகச் சொன்ன ஒரு பேச்சு இப்படி ஊரையே கட்டிப்போடும் என்று அவன் நினைத்தானா என்ன. நினைக்கவில்லை. ஆனால் சொன்னது அவன்தான்.

பிரதானி வில்லவரையருக்கு இதெல்லாம் கொண்டாட்டமாக இருந்தது. அரசர் பக்கத்தில் தனக்கு மேலே ஒரு விகடக்காரன் இருப்பது அவருக்கு நெடுநாளாக ஆகவில்லை. கூத்தனுடைய இரண்டு முடிச்சையும் அவர் தினம் ஒருமுறை கண்ணால் எண்ணிப் பார்த்துக்கொள்வார். இன்னும் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கூத்தன் ஜாக்கிரதையானவன் ஆகிவிட்டான். துப்புவதில்லை, இருமுவதில்லை, சபையில் விகடம்கூடப் பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சபை கூடியது. நல்ல வெயில். அரசர் வாய்க்கால் வெட்டுவதைப் பற்றி ஒரு நாழிகையாகப் பேசிக்கொண்டிருந்தார். நேர் எதிரே நின்ற பிரதானி கூத்தனையே பார்த்தார். பார்த்துக்கொண்டே மெதுவாக வாயைத் திறந்து, கண்ணில் நீர் வரும்படி, தாடை கழன்று விழும்படி ஒரு கொட்டாவி விட்டார்.

அவர் கையில் அதுவரை கயிறே இல்லை. ஒரு முடிச்சு விழுந்தால் விழட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தார்.

கொட்டாவியைப் பார்த்தவன் கொட்டாவி விடாமல் இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள், இப்போது உங்களுக்கே வருகிறதா இல்லையா. கூத்தன் பல்லைக் கடித்தான். கட்டைவிரலை நகத்தால் கிள்ளினான். செங்கமலத்தை நினைத்தான், சிறையை நினைத்தான். தொண்டைக்குள் அது பாம்பு மாதிரி ஏறி வந்தது. பிரதானி இரண்டாவது தடவையும் வாயைப் பிளந்தார். கூத்தன் வாய் தானாகத் திறந்துகொண்டது.

முடிச்சுப் போடுகிற சேவகன் வந்து இருவர் கையையும் பிடித்தான். பிரதானிக்கு ஒன்று, ஒரே மூச்சில் விட்டதால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று என்று வைத்துக்கொண்டார்கள், பிரதானி அல்லவா. கூத்தனுக்கு மூன்றாவது. அரசர் அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்க வாய் எடுத்தவர், தம்முடைய கல்லை நினைத்து வாயை மூடிக்கொண்டார். கூத்தனும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று முடிச்சுக்காரன் பேச்சு எங்கே செல்லும்.

சிறை என்பது நாலு மதிலும் நடுவில் ஒரு வெட்டவெளியும். ஐம்பது பேருக்கான இடத்தில் எண்பது பேர் இருந்தார்கள். சிறைத்தலைவன் மூக்கன் பொல்லாதவன் இல்லை, பயந்தவன். வாசலில் தூங்கியதற்கும், சாவியை மறந்ததற்குமாக அவன் கையிலேயே இரண்டு முடிச்சு. அதனால் கதவைத் திறக்குமுன் யாராக இருந்தாலும் அவர் மணிக்கட்டை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டுத்தான் வெளியே விடுவான். தண்ணீர்க்காரன், நாவிதன், குப்பை அள்ளுகிறவள் எல்லாருக்கும் இதே மரியாதை.

கூத்தன் அங்கே பன்னிரண்டு நாள் கிடந்தான். இரண்டு பேர் காய்ச்சலில் செத்துப்போனதைப் பார்த்தான். முதலாமவன் குளத்தில் மீன் பிடித்தவன், இரண்டாமவன் யார் என்றே யாருக்கும் தெரியவில்லை. காத்தாயி பெண்கள் பக்கத்தில் மதிலோரமாக உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேசுவான்? ஐந்து ஆண்டு. செங்கமலம் தனியாக என்ன செய்வாள், தானே ஐந்து ஆண்டு தாங்குவோமா என்று நினைத்து நினைத்து இரவெல்லாம் விழித்துக் கிடந்தான். பதின்மூன்றாம் நாள் எல்லையம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள்.

அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். காப்புக் கட்டுகிற நாளில் அரசர் முதல் ஏர் பிடிக்கிறவர் வரை எல்லார் கையிலும் பூசாரி மஞ்சள் நூலைக் கட்டுவார், சிறையில் கிடப்பவர்களுக்கும் சிறையைக் காப்பவர்களுக்கும் மட்டும் கிடையாது. கட்டி முடித்ததும் அரசர் நேரே சிறைக்கு வந்து, உள்ளே இருப்பவர்களுக்குத் தம் கையாலேயே கூழ் ஊற்ற வேண்டும். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து நடப்பது. அன்றும் மேளம் ஒலிக்க வந்தார். பிரதானியும் சேனாபதியும் வாளேந்திய வீரர்களும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். அரசர் மட்டும் உள்ளே வந்து அகப்பையைக் கையில் எடுத்தார்.

கூத்தன் முறை வந்தது. சட்டியை நீட்டினான். அரசர் அவன் முகத்தைப் பார்க்காமல் கூழை ஊற்றினார். கூத்தனும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். மணிக்கட்டில் மஞ்சள் நூல். அம்மன் காப்புக்குப் பூசாரி எப்போதும் எத்தனை முடிச்சுப் போடுவார்? ஒன்று, இரண்டு, மூன்று.

கூத்தன் சட்டியோடு நகர்ந்து பக்கத்திலேயே உட்கார்ந்தான். சொன்னால் தலை போகலாம். அரசரைக் கேலி பண்ணியதற்குச் சிறை தேவையில்லை, வெளியே நிற்கிற வாள் ஒன்று போதும். சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, அதற்குள் காய்ச்சல். அப்போது அடுத்த சட்டியை நீட்டியவள் காத்தாயி. அவள் கயிற்றைச் சுற்றிச் சதை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. கூத்தன் அதைப் பார்த்தான். அவனுக்குப் பயம் போகவில்லை. பயத்தோடேயே எழுந்தான்.

கூழ் தீர்ந்தது. அரசர் கதவை நோக்கி நடந்தார். மூக்கன் குனிந்து கும்பிட்டுக்கொண்டே தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"மூக்கா, எண்ணாமல் திறக்கிறாயே. உனக்கு ஏற்கெனவே இரண்டு."

கூத்தன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஆனால் மூக்கனுக்குக் கேட்டது. தாழ்ப்பாளில் இருந்த கை அப்படியே நின்றது.

"சாமி, கோவிச்சுக்கக் கூடாது. கையக் கொஞ்சம் காட்டணும்."

அரசர் இதை ஒரு வேடிக்கையாக நினைத்துக் கையை நீட்டினார். மூக்கன் விரலால் தொட்டான். ஒண்ணு என்றான். ரெண்டு என்றான். அதற்கு மேல் சத்தம் வரவில்லை. அவன் அரசரைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், மறுபடி அரசரைப் பார்த்தான். கண்ணில் நீர் கொட்டியது.

"மூணு இருக்குதுங்க சாமி."

"மூடா, இது அம்மன் காப்பு."

"எப்படி வந்துச்சுன்னு கேக்கக் கூடாதுன்னு கல்லுல வெட்டியிருக்குதுங்களே சாமி."

அழுதுகொண்டே மூக்கன் கதவைப் பூட்டினான். அரசர் முகம் சிவந்தது. கம்பி வழியாக வெளியே பார்த்து, திறக்கச் சொல் என்று பிரதானிக்குக் கட்டளையிட்டார். மூன்று முடிச்சுள்ளவர் பேச்சு எங்கும் செல்லாது என்று மூக்கன் தேம்பித் தேம்பிச் சொன்னான். இந்தப் பேச்சு வெளியே இருந்தவர்கள் காதில் விழுந்ததுதான் தாமதம், ஒவ்வொருவரும் தத்தம் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார்கள். வாளேந்தியவர்கள் வாளைக் கீழே வைத்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சேனாபதி மேலாடையால் கையை மூடினார். பிரதானி எல்லாருக்கும் பின்னால் போய் நின்றார். கறுப்பில் ஒன்றும் மஞ்சளில் மூன்றுமாக அவர் கையில் நான்கு இருந்தன.

போர்க்களத்தில் அம்பு பறக்கும்போது தம்மை விட்டு விலகாதவர்கள், ஒரு கதவின் முன்னால் விலகி நிற்பதை அரசர் பார்த்தார். கூப்பிட்டார். யாரும் வரவில்லை.  உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூத்தா, இது உன் வேலைதானே" என்றார் கடைசியில்.

"ஆம் மகாராஜா. பயத்தில் செய்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது."

"வழி சொல். இங்கிருந்து நான் என்ன உத்தரவிட்டாலும் செல்லாது. என் கை என்ன செய்ய முடியும்?"

கூத்தன் கயிறு கட்டிய தன் கையைத் தூக்கிக் காட்டினான். முடிச்சை அவிழ்ப்பவருக்கு ஒரு முடிச்சு என்றுதான் கல்லில் இருக்கிறது, நான்காவது முடிச்சுக்கு என்ன தண்டனை என்று கல்லில் இல்லை என்றான். அதனால் இந்த ஊரில் முடிச்சை அவிழ்க்கப் பயப்பட வேண்டாதவர்கள் இந்த மதிலுக்குள் இருப்பவர்கள் மட்டும்தான். இதுவரை அவிழ்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எல்லாரும் அரசருக்குப் பயந்தார்கள். அரசர் மட்டும் யாருக்குப் பயப்பட வேண்டும்?

 அரசர் காத்தாயி முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் ஒரு முடிச்சை அவிழ்த்தவர் இல்லை. கீல் பூசிய கயிறு, நகம் மடங்கியது.

"மெதுவா சாமி, புண்ணு."

அவர் கை நின்றது. "இது எதற்காக வந்தது?" என்று கேட்டார்.

கேட்கக் கூடாத கேள்வியை அவரே கேட்டுவிட்டார். காத்தாயி சொன்னாள். இரண்டு முடிச்சு, ராஜவீதியில் பானையை இறக்கி வைத்ததற்கு. மூன்றாவது, பிரதானியின் பல்லக்குத் தூக்கிகள் அவளை இடித்ததில் பானை உடைந்து வீதியில் மோர் கொட்டியதற்கு.  அரசர் பல்லால் கடித்து அந்த மூன்றாவது முடிச்சை முதலில் அவிழ்த்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவன் திருட்டுப் பயல்தான், மூன்று தடவையும் கோழி திருடியவன், அதையும் ஒளிக்காமல் சொன்னான். அவனை மட்டும் முறைத்துப் பார்த்துவிட்டு அவிழ்த்தார். கயிறு இல்லாத கையை மூக்கன் தொட்டுப் பார்ப்பான், ஒன்றும் இருக்காது, கதவைத் திறந்து விடுவான். அப்படி ஒவ்வொருவராக வெளியே போனார்கள். வெயில் சாய்கிற வரைக்கும் நடந்தது. ஒவ்வொரு முறை கதவு திறந்து மூடும்போதும் அரசர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கதவு தமக்கு மட்டும் திறக்காது என்கிற பயம் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் கூத்தன் கை.

"உனக்கு எதற்காக?"

"தாங்கள் வாய்க்காலைப் பற்றிப் பேசும்போது கொட்டாவி விட்டேன். பிரதானி எனக்கு எதிரே நின்று, எனக்காகவே முதலில் விட்டார். அவரால் ஒரு முடிச்சைத் தாங்க முடியும், என்னால் முடியாது."

அரசர் கம்பிக்கு வெளியே பார்த்தார். வில்லவரையர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அரசர் அவிழ்த்து முடித்தார். அத்தனை பேர் இருந்த இடத்தில் இப்போது அவரும் கூத்தனும், கதவடியில் மூக்கனும் மட்டும். அம்மன் காப்பை ஒன்பதாம் நாளுக்கு முன்னால் கழற்றக் கூடாது, கழற்றினால் ஊருக்கு ஆகாது. ஒன்பது நாளும் நான் இங்கேதானா என்று அரசர் கேட்டார். 

கூத்தன் தயங்கித் தயங்கி அருகில் போனான். பூசாரி தளர்வாகக் கட்டியிருந்த மஞ்சள் நூலில் ஒரு விரலை நுழைத்து, அதை முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டான். நூல் புஜத்தில் போய் நின்றது. மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. மூக்கன் ஓடிவந்து தொட்டுப் பார்த்தான், ஒன்றும் இல்லை என்று சத்தம் போட்டுச் சொல்லிக் கதவைத் திறந்தான்.

அரசர் தம் கையையே பார்த்தார்.

"இது காலையிலேயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மகாராஜா. சொல்லியிருந்தால் தாங்கள் காலையிலேயே போயிருப்பீர்கள்."

அரசர் சிரித்தார். மதில் அதிரச் சிரித்தார், கண்ணீர் வரச் சிரித்தார். வெளியே நின்றவர்களுக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. அங்கேயே நின்று, கல்லைப் பெயர்த்து எடுத்துவிடுமாறு உத்தரவு போட்டார். இனி ஒரு தப்புக்குத் தண்டனை கொடுக்கிறவர் முதலில் அது எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும் என்றார். வில்லவரையரின் முதல் முடிச்சு எப்படி வந்தது என்பதை அவரே நாளைக் காலையில் சபை நடுவில் நின்று சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். பிரதானிக்கு அதைவிட ஐந்து ஆண்டு சிறையே தேவலை என்று இருந்தது.

பிறகு அரசர் தம்முடைய பொற்கடகத்தைக் கழற்றினார். அவருடைய வம்சத்தில் வெற்றி பெற்ற வீரருக்குக் கொடுப்பது அது. கூத்தனை அழைத்து, அதை அவன் கையில் பூட்டிவிடக் குனிந்தார்.

கூத்தன் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

இதுவும் ஒரு விகடம் என்று எல்லாரும் சிரித்தார்கள். அரசரும் சிரித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார். நிமிர்ந்து கூத்தன் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, அவன் விகடம் பண்ணவில்லை.  அந்தக் கையைத் திரும்ப முன்னால் கொண்டுவர அவனாலேயே முடியவில்லை.

அரசர் அவனை அவசரப்படுத்தவில்லை. கடகத்தை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றார். கூத்தன் கை மெல்ல முன்னால் வந்ததும், அதை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, "வீட்டுக்குப் போ, செங்கமலம் காத்திருப்பாள்" என்றார்.